குமிழ் அடங்கும் முன்: ஸ்பார்க்ளிங் ஒயின் காக்டெயில் பற்றி வாசகர் கேள்விகள்

வெயில் ஏறத் தொடங்கியதும் ஸ்பார்க்ளிங் ஒயின் (குமிழ் பொங்கும் ஒயின்) காக்டெயில் பற்றிய கேள்விகளும் ஏறிவிடுகின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம். அளவுகள் மில்லிலிட்டரில் இருக்கின்றன. அளக்கும் கோப்பை கையில் இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் 15 மிலி, ஒரு டீஸ்பூன் 5 மிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவு மட்டும் வேண்டாம். மெல்லிய உயரமான கிளாஸ் எல்லாரையும் ஏமாற்றும்.

கேள்வி: காக்டெயிலுக்கு ஷாம்பெயின்தான் வாங்க வேண்டுமா? பாட்டிலில் ப்ரூட், எக்ஸ்ட்ரா ட்ரை, டெமி செக் என்று ஏதேதோ போட்டிருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: ஷாம்பெயின் வேண்டாம். காசுக்காகச் சொல்லவில்லை, சுவைக்காகத்தான். பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடத்திவைத்து எடுக்கும் ஒயின் அது. சுட்ட ரொட்டி போன்ற அந்த வாசனைக்காகத்தான் அத்தனை விலை. எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் விழுந்த அடுத்த நொடி அந்த வாசனை எங்கே போனதென்றே தெரியாது. நல்ல ஷாம்பெயினைத் தனியாகக் குடியுங்கள்.

காக்டெயிலுக்கு இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும். ஸ்பெயினின் காவாவும் பாட்டிலுக்குள் நொதிப்பதுதான். இனிப்பு குறைவு, சற்றே இறுக்கமான சுவை. ஜின்னோ கசப்பு மதுவோ சேரும் காக்டெயிலுக்கு இதுவே சரி. இத்தாலியின் ப்ரொசெக்கோ க்ளேரா என்ற திராட்சையிலிருந்து, மூடிய பெரிய தொட்டியில் நொதிப்பது. ஆப்பிள், பேரிக்காய் வாசனை அடிக்கும். பழச்சாறு, புதினா, வெள்ளரி எதனோடும் சண்டை போடாது.

இனிப்பைப் பற்றிய சொற்களில்தான் பொறி இருக்கிறது. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்றால் இனிப்பே இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது ப்ரூட்டைவிட இனிப்பானது. ஐரோப்பிய விதிப்படி ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. எக்ஸ்ட்ரா ட்ரை 12 முதல் 17 கிராம், ட்ரை 17 முதல் 32, டெமி செக் 32 முதல் 50. பாகு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் ப்ரூட் எடுங்கள். இனிப்பு உங்கள் கையில் இருக்கும். டெமி செக்கில் பாகும் சேர்ந்தால் இரண்டாவது கிளாஸை யாரும் தொட மாட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ப்ரொசெக்கோவில் ‘ஸ்புமாந்தே’ என்றும் ‘ஃப்ரிஸாந்தே’ என்றும் இரண்டு வகை உண்டு. முன்னதில் வாயு அழுத்தம் குறைந்தது 3 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பின்னது 1 முதல் 2.5 பார்தான். தனியாகக் குடிக்க ஃப்ரிஸாந்தே நன்றாகவே இருக்கும். சாறும் பாகும் கலந்தால் சோர்ந்துவிடும். காக்டெயிலுக்கு ஸ்புமாந்தே எடுங்கள். நொதிக்காமல் வாயுவை மட்டும் ஏற்றிய ஒயின்களும் கிடைக்கின்றன. அவற்றின் குமிழ் பெரிதாக வந்து சீக்கிரமே ஓய்ந்துவிடும்.

கேள்வி: பன்னிரண்டு பேரை அழைத்திருக்கிறோம். மாலை வெயிலுக்குக் குளிர்ச்சியாக, அதிக மெனக்கெடல் இல்லாமல் ஒரு காக்டெயில் சொல்லுங்கள். ஜக்கில் முன்கூட்டியே கலந்து வைக்கலாமா?

பதில்: ஒயினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து வையுங்கள். ஒயினை மட்டும் கிளாஸில், கடைசியாக. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விதியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜக்கில் ஒயினைக் கொட்டினால் கொட்டும்போது கொஞ்சம் வாயு போகும், கிளறும்போது கொஞ்சம், அங்கிருந்து கிளாஸுக்கு ஊற்றும்போது மீதி. அரை மணி கழித்து வரும் விருந்தாளிக்குக் கிடைப்பது எலுமிச்சை போட்ட வெள்ளை ஒயின்தான்.

வெள்ளரி, புதினா, எலுமிச்சை மூன்றையும் வைத்து ஒரு காக்டெயில் சொல்கிறோம். ஒரு கிளாஸுக்கு எலுமிச்சைச் சாறு 15 மிலி, புதினாப் பாகு 15 மிலி, வெள்ளரிச் சாறு 20 மிலி, ப்ரூட் ஒயின் 100 மிலி. ஆளுக்கு இரண்டு வீதம் 24 கிளாஸ் என்றால் அடிக்கலவை மொத்தம் 1.2 லிட்டர் வேண்டும்: எலுமிச்சை 360 மிலி, பாகு 360 மிலி, வெள்ளரி 480 மிலி. ஒயின் 2.4 லிட்டர். 750 மிலி பாட்டில் கணக்கில் மூன்றேகால் வருகிறது, நான்காக வாங்குங்கள். நுரையிலும் சிந்தலிலும் ஒரு பாட்டிலுக்கு அரை கிளாஸாவது போகும்.

முதலில் பாகு. சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 250 மிலி. சர்க்கரை கரையும்வரை சூடாக்கினால் போதும், கொதித்துக் கெட்டியாக வேண்டியதில்லை. ஏறத்தாழ 400 மிலி கிடைக்கும். அடுப்பை அணைத்த பிறகு இரண்டு கைப்பிடி புதினாவைத் தண்டோடு அமுக்கி, மூடி, 20 நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். இலையைக் கசக்க வேண்டாம். அடுப்பிலேயே கொதிக்கவிட்டாலோ, இரவு முழுக்க ஊறவிட்டாலோ புதினா மணம் போய்ப் பச்சிலைக் கசப்பு ஏறும். பாகை மூன்று நாள் முன்பே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

வெள்ளரி ஒரு கிலோ அளவுக்கு வேண்டும். நுனியைக் கிள்ளி ருசி பாருங்கள். ஒரு கசப்புக் காய் மொத்தத்தையும் கெடுத்துவிடும். தோல் மெல்லியதாக இருந்தால் சீவ வேண்டாம், அதில்தான் நிறம். மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அடித்து, முதலில் சல்லடையில், பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பிழியும் அவசரத்தில் துணி வழியே சக்கை நழுவி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கை ஏன் கூடாது என்பதற்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

எலுமிச்சையை எண்ணிக்கையில் கணக்கிடாதீர்கள். ஒரு பழம் 20 மிலி தரும், இன்னொன்று 40 தரும். பிழிந்து அளந்து, அதையும் வடிகட்டுங்கள். விருந்தன்று காலையில் பிழிந்தால் போதும். முந்தின நாளே பிழிந்த சாற்றில் புளிப்பு இருக்கும், மணம் செத்திருக்கும்.

மூன்றையும் கலந்து, இரண்டு சிட்டிகை உப்பு போட்டு, மூடிய பாட்டிலில் ஃப்ரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள். உப்பு கரிப்பதற்காக இல்லை, வெள்ளரியின் மணத்தைத் தூக்கிக் காட்டத்தான். ஊற்றும்முன் பாட்டிலைக் குலுக்குங்கள். பாகு கனமானது, அடியில் தங்கிவிடும்.

பரிமாறும்போது குளிர்ந்த கிளாஸில் அடிக்கலவை 50 மிலி. கிளாஸைச் சாய்த்து, ஒயினில் பாதியை ஓரத்தில் வழியவிடுங்கள். நுரை அடங்கட்டும். பிறகு மீதி. நீளமான ஸ்பூனை அடிவரை விட்டு, அடியில் கிடக்கும் பச்சை அடுக்கை ஒரே ஒரு முறை மேலே தூக்கிவிட்டு வெளியே எடுங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்க வேண்டாம். ஏறும் குமிழ்களே மீதியைக் கலந்துவிடும். மேலே ஒரு புதினாக் கொழுந்து. அதைப் போடும்முன் உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வாசனை மூக்குக்கு முதலில் வரும்.

கேள்வி: பீச் கூழ் போட்டு பெலினி செய்தேன். ஒயின் ஊற்றியதும் நுரை பொங்கி மேஜையெல்லாம் வழிந்தது. அடங்கிய பிறகு பார்த்தால் கிளாஸில் பாதிதான். என்ன தவறு?

பதில்: மூன்றில் ஒன்றாக இருக்கும், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்திருக்கும். கூழ் சரியாக வடிகட்டப்படவில்லை, கூழ் குளிரவில்லை, ஒயின் வேகமாக விழுந்தது.

கரைந்திருக்கும் கரியமில வாயு தானாகக் குமிழாகிவிடாது. உட்கார்ந்து வளர ஓர் இடம் தேவை. பழச் சக்கையின் ஒவ்வொரு துணுக்கும், கரையாத ஒவ்வொரு சர்க்கரைத் துகளும் அப்படியோர் இடம். கரடுமுரடான கூழில் ஒயின் விழுந்தால் ஒரே நேரத்தில் எண்ணற்ற இடங்களில் குமிழ் பிறக்கிறது. பழத்திலுள்ள பெக்டின் அந்த நுரையை உடையவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் தண்ணீர் போன்ற ஆரஞ்சுச் சாற்றில் பொங்குவதைவிட பீச்சில் அதிகமாகப் பொங்குகிறது.

பெலினி வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் பிறந்தது. அதன் நிறுவனர் ஜுசெப்பே சிப்ரியானி உருவாக்கியது, ஓவியர் ஜொவான்னி பெலினியின் பெயர் வைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் பார்களில் புழங்கும் அளவு ப்ரொசெக்கோ 100 மிலி, வெள்ளைப் பீச் கூழ் 50 மிலி. இரண்டுக்கு ஒன்று. இதைவிடக் கூழை ஏற்றினால் அது ஸ்பூனால் சாப்பிடும் பண்டமாகிவிடும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். நன்கு பழுத்த பீச்சைத் தோல் நீக்கி அரைத்து, நுண்ணிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து வடிகட்டுங்கள். கால் கிலோ கூழுக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. வெட்டிய பழம் காற்றுப் பட்டால் பழுப்பாவது அதிலுள்ள நொதியின் வேலை. புளிப்பு அதைத் தடுத்துவிடும். கூழையும் ஒயினையும் ஒரே அளவு குளிரவையுங்கள். கிளாஸில் கூழ், அதன் மேல் 30 மிலி ஒயின் மட்டும். ஸ்பூனால் மெல்லக் குழைத்துத் தளர்த்துங்கள். பொங்கட்டும், கிளாஸில் இடம் இருக்கிறது. அடங்கியதும் மீதியைச் சாய்த்து இரண்டு தவணையாக விடுங்கள். இப்படிச் செய்தால் வழியாது. ஸ்ட்ராபெரியில் செய்தாலும் முறை இதுவே. அதற்கு ரொஸ்ஸினி என்று பெயர். விதைகளை மட்டும் கண்டிப்பாக வடிகட்டுங்கள்.

கேள்வி: பாட்டில் திறந்தபோது நன்றாகப் பொங்கியது. ஆனால் கிளாஸில் ஐந்து நிமிடத்தில் குமிழே இல்லை. ஒயின் மட்டமானதா?

பதில்: ஒயினைக் குற்றம் சொல்லும்முன் வெப்பநிலையைப் பாருங்கள். தண்ணீரில் 0 டிகிரி செல்சியஸில் கரையும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பாதிதான் 20 டிகிரியில் கரையும். ஒயினிலும் போக்கு இதுவே. வெதுவெதுப்பான ஒயின் வாயுவைப் பிடித்துவைக்க முடியாமல் கொட்டிவிடுகிறது. பாட்டில் 6 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். அடிக்கலவையும் அப்படியே. பலர் பாட்டிலைக் குளிரவைத்துவிட்டு, பாகையும் சாற்றையும் சமையல் மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். அறை வெப்பத்தில் இருக்கும் 50 மிலி கலவை, 100 மிலி குளிர்ந்த ஒயினை ஒரே நொடியில் சூடாக்கிவிடும்.

அடுத்தது ஊற்றும் முறை. நேராக நிற்கும் கிளாஸின் நடுவில் உயரத்திலிருந்து ஊற்றுவது பார்க்க அழகு, வாயுவுக்கு நஷ்டம். பிரான்ஸின் ரீம்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதை அளந்தே பார்த்தார்கள். பியர் ஊற்றுவதுபோல் கிளாஸைச் சாய்த்து ஓரத்தில் வழியவிட்டால் கணிசமான வாயு மிஞ்சுகிறது, ஒயின் குளிர்ந்திருந்தால் இழப்பு இன்னும் குறைகிறது என்று கண்டார்கள்.

பிறகு கிளாஸ். பாத்திரம் கழுவும் சோப்பின் படலம் ஒட்டியிருந்தால் மேல் நுரை நிற்காது. வெந்நீரில் நன்றாக அலசி, கவிழ்த்து வைத்து உலரவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிளாஸில் நூல் பிடித்தாற்போல் ஏறும் குமிழ் வரிசை, துடைத்த துணியின் நுண்ணிழையிலிருந்தோ கண்ணாடியில் வேண்டுமென்றே போட்ட கீறலிலிருந்தோதான் கிளம்புகிறது. அப்பழுக்கில்லாத கிளாஸில் குமிழ் குறைவாகத் தெரியும். வாயு உள்ளேதான் இருக்கும், நாக்கில் தெரியும். கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஐஸ் போடுவதானால் பெரிய கட்டியாக, போடும்முன் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசிப் போடுங்கள். ஃப்ரீஸரிலிருந்து வந்த ஐஸின் மேலிருக்கும் வெண்பனித் துகள்கள் குமிழை உசுப்பிவிடும். அலசினால் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும்.

கேள்வி: கார்க்கைத் திறப்பதற்கே பயமாக இருக்கிறது. போன முறை கூரையில் போய் இடித்தது.

பதில்: பயம் நியாயமானதே. ஷாம்பெயின் முறை பாட்டிலுக்குள் 5 முதல் 6 பார் அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். வாங்கி வந்ததும் திறக்காதீர்கள், குலுங்கியது அடங்கச் சில மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் நிற்கட்டும். ஃபாயிலை உரியுங்கள். கம்பிக் கூண்டின் வளையத்தை ஆறு அரைச் சுற்று சுற்றினால் தளரும். அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் தலையைவிட்டு நகரக் கூடாது. கூண்டைக் கழற்றி எடுக்க வேண்டாம், தளர்ந்த கூண்டோடு சேர்த்தே கார்க்கைப் பிடியுங்கள், பிடி வழுக்காது. மேலே ஒரு துணி. பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆளில்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசைக்காமல் பாட்டிலின் அடியைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். கார்க் தானாக மேலே தள்ளும். அதை வெளியே இழுக்கத் தோன்றும், மாறாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். கடைசியில் லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் ‘உஸ்ஸ்’ என்று காற்று மட்டும் வரும். திறந்தபின் சில நொடி சாய்த்தே வைத்திருந்தால் பொங்காது.

‘டப்’ என்ற சத்தம் வந்தால்தான் கொண்டாட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்தச் சத்தத்தோடு போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாயு.

கேள்வி: விருந்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, பாட்டில் குளிரவில்லை. ஃப்ரீஸரில் போடலாமா?

பதில்: போடலாம், மறந்துவிடுவீர்கள் என்பதுதான் சிக்கல். ஒயின் ஏறத்தாழ மைனஸ் 5, 6 டிகிரியில் உறையத் தொடங்கும். ஃப்ரீஸர் மைனஸ் 18. உறையும் நீர் விரிந்து கார்க்கைத் தள்ளும், அல்லது பாட்டிலையே உடைக்கும். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டுக் கழுத்துவரை பாட்டிலை முக்குங்கள். அரை மணி போதும். வெறும் ஐஸை மட்டும் நிரப்பினால் இடையில் காற்று நிற்கும், குளிர் ஏறாது. தண்ணீர்தான் பாட்டிலைச் சுற்றிலும் தொடும்.

கேள்வி: ஃப்ரெஞ்ச் 75 செய்ய எல்லாவற்றையும் ஷேக்கரில் போட்டுக் குலுக்கினேன். மூடி பறந்துவிட்டது.

பதில்: பறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஜின் 30 மிலி, எலுமிச்சைச் சாறு 15 மிலி, பாகு 15 மிலி, இவை மூன்றும் ஐஸும் மட்டும் ஷேக்கருக்குள். பத்துப் பன்னிரண்டு நொடி குலுக்கி, கிளாஸில் வடிகட்டி, அதன் மேல் 60 மிலி ஸ்பார்க்ளிங் ஒயின். குமிழ் உள்ள எதுவும் ஷேக்கருக்குள்ளோ மிக்ஸிக்குள்ளோ போகக் கூடாது. சோடாவுக்கும் இதே விதி.

கேள்வி: நான் கலந்தால் எப்போதும் புளிப்பு தூக்கலாக இருக்கிறது. சர்க்கரை போட்டால் பொங்குகிறது, கரையவும் மாட்டேன் என்கிறது.

பதில்: ஒயினுக்கென்று ஒரு புளிப்பு இருக்கிறது. கரியமில வாயுவும் நாக்கில் புளிப்பாகவே தெரியும். இதை மறந்து எலுமிச்சையைச் சாதாரண ஜூஸுக்குப் பிழிவதுபோல் பிழிந்தால் பல் கூசத்தான் செய்யும். அடிக்கலவையை மட்டும் தனியாக ருசி பார்த்தால், அது கொஞ்சம் அதிக இனிப்பாகவே தெரிய வேண்டும். ஒயின் சேர்ந்ததும் சமன்படும். குளிர்ச்சியும் இனிப்பை மழுங்கடிக்கும். அதனால் ருசி பார்ப்பதைக் குளிர்ந்த பிறகு, ஒரு ஸ்பூன் கலவைக்கு இரண்டு ஸ்பூன் ஒயின் சேர்த்துப் பாருங்கள். கிளாஸில் ஏற்கெனவே புளித்துவிட்டதென்றால் 5 மிலி பாகை ஓரமாக வழியவிட்டு அடியிலிருந்து ஒரு முறை தூக்குங்கள். சர்க்கரையாகப் போடாதீர்கள். ஷாம்பெயின் காக்டெயில் என்ற பழைய பானத்தில் கசப்புச் சாறு ஊறிய சர்க்கரைக் கட்டியை வேண்டுமென்றேதான் போடுகிறார்கள். அதிலிருந்து குமிழ் ஏறுவதைப் பார்ப்பதற்காக.

கேள்வி: அபெரோல் ஸ்ப்ரிட்ஸுக்குச் சரியான அளவு என்ன?

பதில்: ப்ரொசெக்கோ 90 மிலி, அபெரோல் (ஆரஞ்சு மணக்கும் இத்தாலியக் கசப்பு மது) 60 மிலி, சோடா ஒரு விசுக்கு, 30 மிலி வரை போகலாம். பெரிய ஒயின் கிளாஸ், நிறைய ஐஸ், ஓர் ஆரஞ்சு வில்லை. ஐஸைக் குறைத்தால் வேகமாகக் கரைந்து இன்னும் நீர்த்துப்போகும். அதனால் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய உயரமான ஃப்ளூட் கிளாஸில் இதைச் செய்யாதீர்கள், ஐஸுக்கு இடமே இருக்காது. ஐஸ் இல்லாத மெல்லிய காக்டெயிலுக்கு ஃப்ளூட் அல்லது சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ். தட்டுப்போல் விரிந்த கூப் கிளாஸில் மேற்பரப்பு அதிகம், குமிழ் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: வெளியே வெயிலில் மேஜை போட்டு எலுமிச்சை பிழிந்தோம். இரண்டு நாள் கழித்துக் கையில் கொப்புளமும் கறுப்புத் திட்டுகளும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, கோடை விருந்தில் யாரும் எச்சரிக்காத விஷயம் இது. எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் ஃப்யூரனோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. பச்சைத் தோல் கொண்ட சின்ன எலுமிச்சையில் அதிகம். இவை தோலில் படிந்து, அதன் மேல் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தீக்காயம்போல் புண்ணாகும். உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து கொப்பளிக்கும். சாறு வழிந்த தடத்திலேயே, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் கோடுகோடாக வருவது இதன் அடையாளம். பழுப்புத் திட்டு மறைய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இது ஒவ்வாமை அல்ல, யாருக்கும் வரலாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எலுமிச்சை பிழிந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தடுப்பது எளிது. பிழிவதும் தோல் சீவுவதும் வீட்டுக்குள் நடக்கட்டும். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெயிலுக்குப் போங்கள். வெளி மேஜையில் எலுமிச்சைத் துண்டுகளைக் கிண்ணத்தில் வைத்து விருந்தாளிகளைப் பிழியச் சொல்லாதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: மது தொடாதவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு வெறும் சோடா கொடுக்க மனமில்லை.

பதில்: மேலே சொன்ன வெள்ளரி அடிக்கலவையில் மது இல்லை. அதையே 50 மிலி எடுத்துக்கொள்ளுங்கள். ஒயினுக்குப் பதில் வெறும் சோடா விட்டால் ஏதோ குறைவது தெரியும். குறைவது ஒயினின் மெல்லிய துவர்ப்பு. அதற்குப் பச்சைத் தேயிலை உதவும். இரண்டு டீஸ்பூன் இலையை 200 மிலி சூடான நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, மூன்று நிமிடம் ஊறவைத்து வடிகட்டிக் குளிரவையுங்கள். ஒரு கிளாஸுக்கு அடிக்கலவை 50, தேநீர் 40, சோடா 60 மிலி. சோடா கடைசியில், அதே சாய்த்த கிளாஸில். மற்றவர்கள் குடிக்கும் அதே வகை கிளாஸில் கொடுங்கள், கேள்வி கேட்பார் இருக்க மாட்டார்கள்.

‘ஆல்கஹால் நீக்கிய ஒயின்’ என்று விற்பதில் பல நாடுகளில் 0.5 சதவீதம்வரை ஆல்கஹால் இருக்கலாம். அறவே தவிர்ப்பவர்களும் கர்ப்பிணிகளும் 0.0 என்று போட்டதா என்று பார்க்க வேண்டும். வாசனைக்காகச் சில சொட்டு விடும் அங்கொஸ்டூரா பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7 சதவீதம். அதையும் இந்தக் கிளாஸ்களுக்கு விடாதீர்கள்.

கேள்வி: பழச்சாறுபோல் இறங்குகிறது, பிறகு தலை சுற்றுகிறது. இதில் மது எவ்வளவு?

பதில்: 12 சதவீத ஒயின் 100 மிலி சேர்ந்த வெள்ளரி காக்டெயிலில் ஏறத்தாழ 9.5 கிராம் சுத்த ஆல்கஹால். ஸ்ப்ரிட்ஸில் 13 கிராம். ஃப்ரெஞ்ச் 75இல் 15 கிராம், அதுவும் பார்க்கச் சின்ன கிளாஸ். இனிப்பும் குளிர்ச்சியும் மதுவின் காரத்தை மறைத்துவிடுகின்றன, வெயிலில் தாகத்துக்குக் குடிப்பதால் வேகமும் கூடுகிறது. தாகத்துக்குத் தண்ணீர் முதலில். ஒவ்வொரு மேஜையிலும் குளிர்ந்த தண்ணீர் ஜக் இருக்கட்டும், சாப்பிட ஏதாவது முன்பே வந்துவிடட்டும். வண்டி ஓட்டப்போகிறவருக்குத் தேநீர் கலந்த கிளாஸ்தான்.

கேள்வி: பாதி பாட்டில் மிஞ்சினால் கழுத்தில் வெள்ளி ஸ்பூனைச் செருகி வைத்தால் வாயு போகாது என்கிறார்களே?

பதில்: ஸ்பூனால் ஒன்றும் நடப்பதில்லை. ஃப்ரிட்ஜின் குளிர்தான் வாயுவைக் காப்பாற்றுகிறது, பெயர் ஸ்பூனுக்குப் போகிறது. இருபுறமும் கொக்கி போட்டுப் பூட்டும் ஸ்பார்க்ளிங் ஒயின் மூடி ஒன்று வாங்கிவிடுங்கள். சாதாரண கார்க்கைத் திணித்தால் இரவில் துப்பிவிடும். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் நிறுத்திவைத்தால் மறுநாள் காக்டெயிலுக்குத் தாராளமாக ஆகும், சில சமயம் அதற்கடுத்த நாளும்.

முழுக்கச் செத்துப்போனதையும் கொட்ட வேண்டாம். 200 மிலி ஒயினுக்கு 200 கிராம் சர்க்கரை போட்டு, சிறு தீயில் கரைந்ததும் இறக்குங்கள். ஆறியதும் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். சாதாரணப் பாகுக்குப் பதில் இதை அதே அளவில் சேர்க்கலாம். லேசாகச் சூடாக்கியதால் ஆல்கஹால் முழுவதும் போயிருக்காது, மது தொடாதவர்களின் கிளாஸில் மட்டும் இதை விடாதீர்கள்.